நெரிசல் யாருடையது? சாலை யாருக்கு? – சென்னையின் போக்குவரத்துக் கொள்கைகளை தலித் பார்வையில் வாசித்தல்

1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எந்த ஊரிலும் எந்த நகரத்திலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடந்து செல்லத் தடையில்லை என்பதே அதன் சாரம். பொதுக்கிணறுகளும் பொது அலுவலகங்களும் அனைவருக்கும் உரியவை என்றும் அது கூறியது. தீர்மானம் நிறைவேறியது, அவ்வாண்டே அரசாணையும் வெளிவந்தது. அரசின் வரிப்பணத்தில் போடப்பட்ட சாலையில் கால் வைப்பதற்கே ஒரு தீர்மானமும் ஓர் ஆணையும் தேவைப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நாம்.

அதனால்தான் போக்குவரத்து நெரிசல் பற்றிய விவாதம் நமக்கு வெறும் பொறியியல் விவாதமாக இருக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு, பாகுபாடின்றிப் பயன்படுத்தப்பட வேண்டியவை என்று கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொது ஊர்திகளைப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. இன்று நகரத்துச் சாலையில் ‘நீ இங்கே நடக்காதே’ என்று எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சாலையின் அகலம் யாருக்காக வகுக்கப்படுகிறது, அதற்கான நிலம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, அதில் யாருடைய நேரம் மிச்சமாகிறது, யாருடைய நேரம் கரைகிறது ஆகிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன. இக்கட்டுரையில் சென்னையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நெரிசலைக் குறைப்பதற்கென முன்வைக்கப்படும் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து இக்கேள்விகளால் உரசிப் பார்க்கிறோம்.

நெரிசல் எவ்வாறு அளக்கப்படுகிறது?

அரசுத் திட்ட அறிக்கைகளில் நெரிசல் பெரும்பாலும் வாகனங்களின் சராசரி வேகத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஒரு சந்திப்பை ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் கடக்கின்றன, ஒரு கார் எத்தனை நிமிடம் நிற்கிறது என்பவையே கணக்கு. இந்த அளவுகோலில், அறுபது பேர் ஏறிய பேருந்தைக் காரோடு ஒப்பிட்டால், அது அடைக்கும் இடம் மட்டுமே கணக்கில் வரும். அது சுமக்கும் மனிதர்கள் வரமாட்டார்கள். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருக்கும் பெண் எந்த வாகனத்திலும் இல்லாததால் அவருடைய தாமதம் நெரிசலாகவே பதிவாவதில்லை.

2006ஆம் ஆண்டு ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இந்தப் பிழையை ஒப்புக்கொண்டது. வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்றும், சாலைப் பரப்பு மக்களின் எண்ணிக்கைக்கேற்பப் பகிரப்பட வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. கணக்கு எளிது. ஒரு பேருந்து ஏறத்தாழ மூன்று கார்களின் நீளத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று கார்களில் பெரும்பாலும் நான்கைந்து பேர் செல்வர். பேருந்தில் ஐம்பது, அறுபது பேர் செல்வர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோரில் கார், ஜீப், வேன் ஆகியவற்றில் பயணிப்போர் மூன்று விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நடந்தே வேலைக்குச் செல்வோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கார்களின் எண்ணிக்கை அதன்பின் உயர்ந்திருக்கிறது. ஆனால் பெரும்பான்மையினர் இன்னும் நடக்கிறார்கள், மிதிக்கிறார்கள், பேருந்தில் தொங்குகிறார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கையும் ஆய்வுகளின் முன் நிற்கவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962இலேயே இதை எழுதினார்: நெரிசல் நேரத்தில் ஒரு விரைவுச்சாலை திறக்கப்பட்டால், வேறு நேரத்தில் சென்றவர், வேறு சாலையில் சென்றவர், பேருந்தில் சென்றவர் எனப் பலரும் காரோடு அதற்குள் வந்து சேர்வர்; சில ஆண்டுகளில் பழைய நெரிசலே மீளும். சென்னையே இதற்குச் சான்று. 1973இல் அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் மாநகராட்சி அடுத்தடுத்து மேம்பாலங்களைக் கட்டியது. 2008இல் கத்திப்பாரா மேம்பாலம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அண்ணா சாலையின் நெரிசலைத் தீர்க்க, தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாயில் இன்னோர் உயர்மட்டச் சாலை 2024இல் தொடங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாக ஒரே மருந்து, நோய் மாறவில்லை.

பேருந்தின் சாதி வரலாறு

பொதுப் போக்குவரத்து என்பதில் உள்ள ‘பொது’ தானாக வந்ததன்று. தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில், தலித்துகளை ஏற்ற மறுத்த முதலாளிகள் இருந்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டதை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். உரிமம் அரசின் கையில் இருந்ததால்தான் அந்த ஆணை செல்லுபடியாயிற்று என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு தனியார் வழித்தடங்களை எடுத்துக்கொண்டு, 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் முதலிய பெயர்களில் போக்குவரத்துக் கழகங்களை உருவாக்கியது. இதனால் நிகழ்ந்தவை இரண்டு. இலாபம் தராத சிற்றூருக்கும் பேருந்து சென்றது. ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர் ஆகிய பணிகள் இட ஒதுக்கீட்டின்கீழ் வந்தன. சேரியிலிருந்து வந்த ஒருவர் காக்கிச் சட்டையும் தோல்பையும் அணிந்து, ஊர்த்தெருக்காரரிடம் ‘சீட்டு வாங்குங்கள்’ என்று கேட்கும் நிலை உருவானது. பயணிக்கும் உரிமையும் பயணத்தை நடத்தும் உரிமையும் சேர்ந்து கிடைத்த காலம் அது.

ஆனால் பேருந்து சாதியைக் கடந்துவிடவில்லை. 1995இல் வீரசிகாமணியில் பேருந்தில் எழுந்த ஒரு தகராறு தென்மாவட்டங்களில் கலவரமாகப் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதல் அதன் தொடர்ச்சி. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தலித் வீரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினர், வன்முறை மூண்டது. அரசு கண்ட தீர்வு, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்குவது. 1994இல் சென்னையில் பல்லவன் கழகத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகமும் அதே நீக்கத்தில் தன் பெயரை இழந்தது. பின்னர் இரண்டும் இணைந்து இன்றைய மாநகரப் போக்குவரத்துக் கழகமாயின. பேருந்தின் நெற்றியில் அம்பேத்கர் பெயர் ஓடிய நகரம் இது என்பதே இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது.

நெரிசல் தீர்க்க அகற்றப்பட்டவர்கள்

சென்னையின் மையத்தில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், தெருக்களைத் துப்புரவு செய்தவர்கள், அடுக்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், மீன் விற்றவர்கள், கட்டட வேலை செய்தவர்கள். இவர்கள் வேலைக்கு நடந்து சென்றார்கள். சாலையில் எந்த நெரிசலையும் இவர்கள் உண்டாக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குச் செல்லும் உயர்மட்ட விரைவுச்சாலை இங்கேதான் நம் கவனத்திற்கு வருகிறது. சரக்கு லாரிகளின் நெரிசலைத் தீர்ப்பதற்கான ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத் திட்டம் இது. 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவத்திற்குள் தூண்கள் நடப்படுவதைக் காட்டி 2012இல் அன்றைய மாநில அரசு பணியை நிறுத்தியது. பின்னர் ஈரடுக்குச் சாலையாக மாற்றி வடிவமைக்கப்பட்டு, 5,800 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பீட்டில் 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் நின்றதும் மீண்டதும் பாலம்தான். அதற்காகவும் கூவம் சீரமைப்புக்காகவும் கரையிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை.

அவர்கள் சென்ற இடங்கள் நாம் அறிந்தவை. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேல். பழைய குடியிருப்பிலிருந்து இவை 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. வேலையோ பழைய இடத்திலேயே இருந்தது. நடந்து வேலைக்குச் சென்ற ஒருவரை அரசே பேருந்துப் பயணியாக மாற்றியது. ஆனால் அந்த அளவுக்குப் பேருந்துகளை முன்கூட்டியே அங்கே நிறுத்தி வைக்கவில்லை. வீடு முதலில், நீர் பிறகு, பள்ளி அதற்கும் பிறகு, பேருந்து கடைசியில் என்ற வரிசையே மறுகுடியமர்வின் வரலாறு.

இதன் விலையை நேரத்தில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டு வேலைத் தொழிலாளர் பெரும்பாக்கத்திலிருந்து நகரின் மையத்துக்குப் போக, காத்திருப்பும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போய்வர மூன்று மணி. மாதத்தில் 25 நாள் என்றால் 75 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால், மாதத்துக்கு ஒன்பது நாள்களுக்கு மேல் கூலியில்லாமல் சாலையில் கழிகிறது. இந்த ஒன்பது நாள்கள்தாம் பிள்ளைகளின் படிப்பிலும் உறக்கத்திலும் உடல்நலத்திலும் இருந்து எடுக்கப்படுகின்றன. மாலையில் பேருந்து தாமதமானால் இரண்டாவது வீட்டு வேலையை விட வேண்டியிருக்கிறது. விடியற்காலைப் பணிக்குச் செல்லும் துப்புரவுத் தொழிலாளருக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பது வேலை இருப்பதா போவதா என்ற கேள்வி. இத்தனைக்கும் மேல், முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கப்படும் இழிவும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

விரைவுச்சாலையால் ஒரு லாரி மிச்சப்படுத்தும் நிமிடங்கள் திட்ட அறிக்கையில் பயனாகக் கணக்கிடப்படுகின்றன. அகற்றப்பட்டவர் இழக்கும் மணி நேரங்கள் செலவுப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே பல திட்டங்களின் இலாபக் கணக்கு தலைகீழாகும்.

தண்டவாளங்கள் எட்டும் தூரம்

சென்னை மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. முதல் கட்டமும் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டர். 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு தடம் மாதவரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை செல்கிறது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இந்தச் சாலையை ஒட்டியவை. ஆகவே இத்திட்டத்தை நாம் எதிர்ப்பதற்கில்லை. ஆனால் அது யாருக்காக நிற்கும் என்பதை இரண்டு செய்திகள் தீர்மானிக்கும்.

முதலாவது, கட்டணம். நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். மெட்ரோவில் எவருக்கும் அது இல்லை. ஒரு நாள் கூலியில் கணிசமான பங்கைப் பயணத்துக்குக் கொடுக்க முடியாதவருக்கு, வீட்டு வாசலில் நிலையம் வந்தாலும் அது பார்வைக்கு மட்டுமே. இரண்டாவது, நிலையத்திலிருந்து வீடு வரையிலான தூரம். முதன்மைச் சாலையிலிருந்து குடியிருப்புக்குள் நடக்கத் தகுந்த நடைபாதையும் தெருவிளக்கும் இணைப்புப் பேருந்தும் இல்லாவிட்டால், மிச்சமான நேரத்தையும் பணத்தையும் ஷேர் ஆட்டோ விழுங்கிவிடும்.

இதற்கு முன்பே கிடைத்த பாடம் ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரையிலான பறக்கும் ரயில் 1990களில் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டியது. அதற்கப்பால் பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் நிலச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பெரிய நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றோடு பேருந்துகள் இணைக்கப்படவில்லை. பேருந்து, ரயில், மெட்ரோ ஆகியவற்றை ஒரே குடையின்கீழ்த் திட்டமிட ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடக்க 2022 ஆயிற்று.

கட்டணமில்லாப் பயணம் மாற்றியது என்ன?

கடந்த பல ஆண்டுகளில் தலித் பெண்களின் அன்றாடத்தை நேரடியாகத் தொட்ட போக்குவரத்துக் கொள்கை எது என்று கேட்டால், 2021 மே 8 முதல் நடைமுறைக்கு வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்றே சொல்வோம். விடியல் பயணம் என்று பின்னர் பெயரிடப்பட்ட இத்திட்டம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டு விலையை நீக்கியது; திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. பயனாளிகள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகின்றனர் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் திடீரென உயர்த்தப்பட்டபோது மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்ததை நினைத்துப் பார்த்தால், இத்தொகையின் பொருள் விளங்கும்.

பணத்தைவிடப் பெரிய மாற்றமும் உண்டு. கணவரிடமோ மகனிடமோ பேருந்துக் காசு கேட்காமல் மருத்துவமனைக்குப் போகலாம். கூடுதல் கூலி கிடைக்கும் தொலைவான இடத்துக்குப் போகலாம். உள்ளூர்ப் பண்ணையாரின் நிலத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு வெளியேறி வேலை தேடும் வசதி எப்போதுமே சாதியின் பிடியைத் தளர்த்தும். ஆதிக்கச் சாதியினருக்குப் பேருந்தின்மீது இருந்த பழைய எரிச்சலின் காரணமும் இதுவே.

குறைகளும் கண்முன் இருக்கின்றன. கட்டணமில்லாப் பேருந்து வராதபோது அந்த உரிமைக்குப் பொருளில்லை. வெள்ளைப் பலகைப் பேருந்துக்காகக் காத்திருந்து, பிறகு சொகுசுப் பேருந்தில் காசு கொடுத்து ஏறுவது பல நிறுத்தங்களில் காணும் காட்சி. ‘ஓசிப் பயணம்’ என்ற ஏளனச் சொல் பெண்களை நோக்கி வீசப்படுகிறது. நிறுத்தத்தில் கை காட்டியும் நிற்காத பேருந்துகள் இருக்கின்றன. இழப்பீட்டை அரசு கழகங்களுக்கு உரிய காலத்தில் முழுமையாகக் கொடுப்பதும், பேருந்து எண்ணிக்கையைக் கூட்டுவதும் இத்திட்டத்தின் உயிர்நாடி. மானியம் பெண்ணுக்கு இரக்கமாகத் தரப்படுவதன்று. மேம்பாலத்தில் இலவசமாகச் செல்லும் காருக்கு அரசு தரும் மானியத்தை எவரும் ‘ஓசி’ என்று அழைப்பதில்லை.

சாலையைப் பகிரும் கொள்கைகள்

உலக நகரங்கள் பயன்படுத்தும் கருவிகள் மூன்று: பேருந்துக்குத் தனித்தடம், காருக்குக் கட்டணம், நடப்போருக்கு இடம்.

பிரேசிலின் குரிதிபா 1974இல் பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்தது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டா 2000இல் அதைப் பெரிய அளவில் செய்தது. மெட்ரோவுக்கு ஆகும் செலவின் சிறு பகுதியில் இது முடிந்துவிடுகிறது. இந்தியாவில் அகமதாபாத் 2009இல் தொடங்கி நடத்திவருகிறது. டெல்லியின் கதைதான் நமக்குப் பாடம். 2008இல் அங்கே அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குப் பேருந்துத் தனித்தடம் திறக்கப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பது உண்மை. ஆயினும் எதிர்ப்பின் குரல் வேறொன்றைச் சொன்னது. காரில் செல்வோர் நாட்டின் செல்வத்தை உருவாக்குபவர்கள், அவர்களுடைய நேரம் வீணாகிறது என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனினும் 2016இல் அரசே அத்தடத்தை இடித்தது. உழைக்கும் மக்கள் மிகுதியாக வாழும் அம்பேத்கர் நகரிலிருந்து வந்த பேருந்துக்கு வழிவிட மனமில்லாத நகரம், நெரிசலோடு வாழ்வதையே தேர்ந்துகொண்டது. சென்னையில் பேருந்துத் தனித்தடம் பலமுறை பேசப்பட்டும் தாளைத் தாண்டவில்லை.

நெரிசல் கட்டணம் இரண்டாவது கருவி. சிங்கப்பூர் 1975இலும் இலண்டன் 2003இலும் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கின. ஸ்டாக்ஹோம் 2006இல் சோதித்துப் பார்த்து, வாக்கெடுப்புக்குப் பின் 2007இல் நிலையாக்கியது. இங்கே இதை அப்படியே கொண்டுவர இயலாது. மாற்றுப் பேருந்து இல்லாமல் இருசக்கர வாகனத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவது அநீதி. ஆனால் காரை நிறுத்தும் இடத்துக்கு உரிய விலை வாங்குவதை இன்றே தொடங்கலாம். நகரின் விலை மிகுந்த பொதுநிலத்தில் ஒரு கார் நாள் முழுதும் ஏறக்குறைய இலவசமாக நிற்கிறது. அதே நிலத்தில் தள்ளுவண்டி வைத்துப் பிழைக்கும் வியாபாரி ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிறார். நெரிசலுக்குக் காரணம் என்று முதலில் அகற்றப்படுபவரும் அவரே. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தபின்னும் இந்த நிலை மாறவில்லை.

மூன்றாவது, நடைபாதை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரற்ற போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை என்று அறிவித்தது. 2019இல் பாண்டி பசாரில் நடைவளாகம் திறக்கப்பட்டது. கடைவீதிக்கு அழகு சேர்த்த அந்த அக்கறை, வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் தெருக்களை எப்போது எட்டும்?

ஒப்பந்தத்தில் கரையும் இட ஒதுக்கீடு

இப்போது பேருந்துத் துறையில் நிகழும் பெரிய மாற்றம் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. காற்று மாசுக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வசதிக்கும் இவை நல்லவை. ஆனால் இவற்றை நடத்தும் முறை மொத்தச் செலவு ஒப்பந்தம். பேருந்தும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையவை. நடத்துநர் மட்டும் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுக்கும்.

தமிழ்நாட்டின் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனம் அமர்த்தும் ஓட்டுநருக்கு இவ்விதி பொருந்தாது. புதிய பேருந்துகள் எல்லாம் இம்முறையில் வருமானால், பழையவை ஓய்வு பெற ஓய்வு பெற, ஓட்டுநர் பணியிலிருந்து இட ஒதுக்கீடு ஓசையின்றி வெளியேறும். எந்தச் சட்டமும் திருத்தப்படாது. எந்த ஆணையும் ரத்தாகாது. ஓய்வூதியமும் பணிப்பாதுகாப்பும் உள்ள ஒரு வேலை, தலித் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பிய வேலை, ஒப்பந்தக் கூலியாகச் சுருங்கும்.

ஊரில் நிற்கும் பேருந்து

மாநகரத்துக்கு வெளியே இக்கேள்வி இன்னும் பழைய வடிவில் இருக்கிறது. பேருந்து ஊர்த்தெருவின் நிறுத்தத்தோடு திரும்பிவிடும் சிற்றூர்கள் உண்டு. காலனி மக்கள் ஊரைக் கடந்து நடந்து வந்தே ஏற வேண்டும். சாதிப் பதற்றம் நிலவும் நாளில் அந்த நடையே ஆபத்து. 1997இல் தொடங்கப்பட்ட சிற்றுந்துத் திட்டமும், 2025 ஜூனில் புதுவடிவில் தொடங்கப்பட்ட விரிவான சிற்றுந்துத் திட்டமும் பேருந்து எட்டாத இடங்களுக்கானவை. இவற்றின் தடங்களை வகுக்கும்போது ‘ஊர் வரை’ என்பது எங்கே முடிகிறது என்று கேட்க வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு தடத்தின் கடைசி நிறுத்தமாக அமைந்தால், ஊரும் சேரியும் ஒரே வண்டியில் பயணிக்கும்.

நாம் கோருபவை

மேற்கண்டவற்றிலிருந்து எந்தப் போக்குவரத்துத் திட்டத்தையும் அளப்பதற்கான கோரிக்கைகளைத் தொகுத்துக் கூறுகிறோம்.

1. நெரிசல் அறிக்கைகள் வாகன வேகத்தோடு மனிதர்களின் பயண நேரத்தையும் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தையும் அளக்க வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளின் கணக்கு தனியே வெளியிடப்பட வேண்டும்.

2. சாலை, பாலம், மெட்ரோ ஆகியவற்றுக்காகக் குடும்பங்களை நகரத்துக்கு வெளியே அகற்றுவது நிறுத்தப்பட வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில், மாற்று வீடு பழைய பணியிடத்துக்கு அருகிலேயே தரப்பட வேண்டும். அதன் இழப்பு திட்டச் செலவில் சேர்க்கப்பட வேண்டும்.

3. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவற்றுக்கு விடியற்காலையிலும் இரவிலும் போதிய சாதாரணக் கட்டணப் பேருந்துகள் இயக்கப்பட வேண்டும். கட்டணமில்லாப் பயணத்தோடு அவற்றின் கால அட்டவணையும் உரிமையாக அறிவிக்கப்பட வேண்டும்.

4. முதன்மைச் சாலைகளில் பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கப்பட வேண்டும். கார் நிறுத்தக் கட்டணத்தின் வருவாய் பேருந்துக்கும் நடைபாதைக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும்.

5. மெட்ரோவில் குறைந்த வருவாயினருக்குச் சலுகைக் கட்டணம் வேண்டும். நிலையங்களிலிருந்து குடியிருப்புகளுக்கு இணைப்புப் பேருந்து வேண்டும்.

6. ஒப்பந்தப் பேருந்துகளின் எல்லாப் பணிகளுக்கும் இட ஒதுக்கீடு ஒப்பந்த விதியாகவே எழுதப்பட வேண்டும். உரிமத்தைக் கொண்டு ஒரு மாவட்டக் கழகத் தலைவரால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்ய முடிந்ததை, ஒப்பந்தத்தைக் கொண்டு ஒரு மாநில அரசால் இன்று செய்ய முடியும்.

7. ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்திலும் வழித்தடம் வகுக்கும் குழுக்களிலும் மறுகுடியமர்வுப் பகுதிப் பெண்களும் துப்புரவு, வீட்டு வேலைத் தொழிற்சங்கங்களும் இடம்பெற வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு மேம்பாலத்தைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடியவை. இடிப்பு தேவையில்லை, கடன் வாங்கத் தேவையில்லை. இருக்கும் சாலையை, அதில் செல்லும் மனிதர்களின் எண்ணிக்கைப்படி பங்கிட்டாலே போதும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கேட்டதும் ஒரு பங்கீடுதான். அன்று அது நடப்பதற்கான உரிமையாக இருந்தது. இன்று அது பெரும்பாக்கத்து நிறுத்தத்தில் காலை ஐந்து மணிக்கு ஒரு பேருந்து தவறாமல் வந்து நிற்பதற்கான உரிமையாக இருக்கிறது.